துரையின் பைலில் இருந்த ஓட்டைகள்

மார்ச் 3, செவ்வாய்

"ஏம்மா, உங்க கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதா?"

இன்று இதைக் கேட்டவர் வீட்டுத் தரகர். வாடகை ஒப்பந்தம் ஒன்றை எங்கோ யாரிடமோ, எந்தக் காலத்து எழுத்துருவிலோ அடித்து வாங்கி வந்திருக்கிறார். எங்கள் கடையில் திறந்தால் காலொடிந்த எறும்புகள் வரிசையாகப் படுத்துக் கிடப்பது போல் இருக்கிறது. கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, அந்த எழுத்துரு இங்கே இல்லை, அதைக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். மூன்றே வாக்கியம். மூன்றும் வாய்க்குள் தயாராக நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"தலையாட்டுறதுக்கா உன்னை உட்கார வச்சிருக்காங்க?" என்றார். உள்ளேயிருந்து சித்தப்பா வந்து அவரை அனுப்பிவைத்தார்.

பத்தாவது முடிக்காமல் நின்றவளுக்கு இந்த நாற்காலி கிடைத்ததே பெரிது என்கிறாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் என் தொண்டை பூட்டிக்கொள்ளும். வகுப்பே சிரிக்கும், டீச்சரும் சேர்ந்து. போதும் என்று நானாகத்தான் நின்றேன். சித்தப்பாவின் பிரிண்ட் கடையில் பேச வேண்டாம், பார்த்தால் போதும் என்றார்கள். பார்க்கிறேனே, தினமும்.

போன மாதம்வரை கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது திருட்டு ஆபீஸ் சாஃப்ட்வேர். வைரஸ் எடுக்க வந்த ரிப்பேர்க்காரர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இலவச ஆபீஸ் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். "இனிமே யாருக்கும் பயப்படாம நிம்மதியாத் தூங்குங்க" என்றார். சித்தப்பா தூங்குகிறார். வருகிற பைல்களோடு மல்லுக்கட்டுவது நான். ஒருவருடைய அட்டவணை பக்கத்தைத் தாண்டி வெளியே ஓடுகிறது. இன்னொருவருக்குப் புள்ளி வைத்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். ஒரு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆகிறது. எல்லாருக்கும் ஒரே வசனம்: "எங்க ஆபீஸ்ல நல்லாத்தான் இருந்துச்சு."

அங்கேயே வைத்திருக்க வேண்டியதுதானே?

மார்ச் 5, வியாழன்

வக்கீல் குமாஸ்தா தலைப்பை நடுவில் வைப்பதற்கு ஸ்பேஸ்பாரை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். நடுவில் வைக்க என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது. கண்ணாடி போட்ட மனிதர்தான்.

மார்ச் 9, திங்கள்

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மனிதர்கள் இரண்டு வகை. ஸ்பேஸ்பாரால் கோலம் போடுகிறவர்கள், போடாதவர்கள். இரண்டாம் வகை எங்கள் கடைப்பக்கம் வருவதில்லை.

தேதியை வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ். அட்டவணைக்கு ஸ்பேஸ். கையெழுத்துக்கு இடம் விட ஸ்பேஸ். அவர்கள் கம்ப்யூட்டரில் அது எப்படியோ நேராக நிற்கும். இங்கே அதே எழுத்துரு இல்லாததால் கம்ப்யூட்டர் வேறொன்றை எடுத்து மாட்டும். அது கொஞ்சம் அகலமாக இருந்தால் போதும், அத்தனையும் சரிந்து, வரிகளுக்கு நடுவே பொத்தல் பொத்தலாகத் தெரியும். பழி எனக்கு.

எனக்கு அதைச் சரிசெய்யப் பிடிக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை. தேடு என்ற பெட்டியில் இரண்டு ஸ்பேஸ், மாற்று என்ற பெட்டியில் ஒரு ஸ்பேஸ். எல்லாவற்றையும் மாற்று. மறுபடியும் மாற்று. இனித் தேடினாலும் எதுவும் இல்லை என்று கம்ப்யூட்டர் கைவிரிக்கும்வரை. அப்போது பைல் குளித்துத் தலைவாரினது போல் இருக்கும்.

பிறகு சித்தப்பாவின் சட்டம். திரைக்கு மேலே ஒட்டியே வைத்திருக்கிறார்: "வந்த பைலிலேயே சேவ். கடையில் எதையும் வைக்காதே." காரணம் இருக்கிறது. போன வருடம் ஒருவருடைய விவாகரத்து மனு அழிக்கப்படாமல் திரையிலேயே கிடந்தது. அடுத்து டிக்கெட் எடுக்க வந்தவர் அவர் மனைவியின் அண்ணன். கடை வாசலில் இரண்டு குடும்பமும் கட்டிப் புரண்டது. அன்றிலிருந்து பென்டிரைவில் திற, பென்டிரைவிலேயே சேவ் பண்ணு, கையைத் தட்டிவிட்டு எழுந்திரு.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு துரை வந்தார்.

உயரம். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. சட்டைப் பையில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. மேசைமேல் பென்டிரைவை வைத்தார், எந்தப் பைல் என்று விரலால் காட்டினார். அவ்வளவுதான்.

"எத்தனை காப்பி சார்?" என்று சித்தப்பா கேட்டார். ஒரு விரல்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமும் அடிக்கவா?" மறுபடியும் அதே ஒரு விரல்.

"கூட்டமா இருக்கு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறீங்களா?" தலை அரை அங்குலம் இறங்கி ஏறியது.

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. நான் பேசாமல் இருப்பது பயத்தால். அவர் பேசாமல் இருப்பது திமிரால். எனக்கா வித்தியாசம் தெரியாது?

"லேப்ல டெம்பரரி" என்றார் சித்தப்பா, அவர் படியிறங்கியதும். "மருந்துக்கடைக்காரர் சொன்னாரு. திங்கக்கிழமை கமிட்டி முன்னாடி நின்னு இதைப் பேசணுமாம். நிரந்தரம் ஒரே ஒரு இடம்தான். கிடைக்கலேன்னா இந்த மாசத்தோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்லா அடிச்சுக் கொடு பாப்பா."

பைலைத் திறந்தேன். கண்றாவி. ஸ்பேஸ்பார் கோலக்காரர்களுக்கெல்லாம் தலைவர் இவர்தான். தலைப்பில் மட்டுமா? இல்லை. நட்டநடு வாக்கியத்தில், இரண்டு வார்த்தைக்கு ஓர் ஓட்டை, சில இடத்தில் ஒரு கையே உள்ளே போகிற அளவுக்குப் பெரிய ஓட்டை. எழுத்துரு வேறு மாறியதால் சில ஓட்டைகள் வரியின் தொடக்கத்தில் போய்த் தொங்கின. எவ்வளவு மோசம் என்று பார்க்க முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தேன். அந்தத் தாளைக் கழிவுத் தாள் சேர்க்கும் ரஃப் கட்டில் வீசினேன்.

படிக்கவும் செய்தேன். "நான் ரத்தம் எடுக்கும்போது நோயாளி ஊசியைப் பார்க்கக் கூடாது. என் முகத்தைப் பார்க்க வேண்டும்" என்று ஓர் இடம். உங்கள் முகத்துக்கு ஊசியே தேவலை, துரை.

எல்லாவற்றையும் மாற்று. மறுபடியும். மறுபடியும். நாலு பக்கம் மூன்றுக்குள் அடங்கிவிட்டது. வந்த வேர்ட் வடிவத்திலேயே வைக்கவா என்று இலவச ஆபீஸ் கேட்டது. வை என்றேன். அவருடைய பைலிலேயே சேவ். சட்டப்படி.

சாயங்காலம் வந்து வாங்கிக்கொண்டு போனார். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நன்றியாவது ஒன்றாவது.

மார்ச் 14, சனி

துரை திரும்பி வந்தார். கடை நிறையக் கூட்டம்.

நேராக என் மேசைக்கு வந்து அந்த மூன்று தாளையும் விரித்து வைத்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். நமக்கெல்லாம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நினைத்திருப்பார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சீக்கிரம் சார், பஸ்ஸை விட்டுடுவேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போது அவர் செய்ததுதான் வேடிக்கை. இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில் விரலை வைத்து, மூக்கால் சத்தமாகக் காற்றை இழுத்தார். அடுத்த வரி. விரல், மறுபடி ஓர் இழுப்பு. அதற்கடுத்த வரியிலும்.

சித்தப்பா தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார். "டோனர் மை வாசனையா சார்? ரெண்டு நாள்ல போயிடும்."

கடையே சிரித்தது. நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். துரையின் முகம் செங்கல் நிறமானது. தாள்களை மடித்தார், போய்விட்டார். காகிதம் நாறுகிறதாம் துரைக்கு! ரத்தப் புட்டிகளுக்கு நடுவில் நாள் முழுக்க நிற்கிற மூக்கு!

அதே நாள், சாயங்காலம்

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன், மூக்கால் இழுத்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"லேப்ல ரத்தம் எடுக்கிறவரா? உயரமா, சட்டை கசங்காம? தங்கமான கைடி அது. குத்தினதே தெரியாது. பேச்சுதான் தட்டும், பாவம். ஒரு வார்த்தை தொண்டையில மாட்டிக்கிச்சுன்னா வரவே வராது. மூச்சை இழுத்து இழுத்து, நின்னு நின்னுதான் பேசுவாரு."

நின்னு நின்னு.

அலமாரியில் விரிக்க அம்மா கேட்டாள் என்று நேற்று ரஃப் கட்டைத் தூக்கி வந்திருந்தேன். தட்டுகளை எல்லாம் இறக்கிவைத்து, தாள் தாளாக இழுத்துப் பார்த்தேன். கிடைத்தது. நான் வீசிய முதல் பக்கம், ஓட்டைகளோடு.

சமையலறையில் நின்று வாய்விட்டுப் படித்தேன். ஓட்டை வந்த இடத்தில் நின்றேன். சின்ன ஓட்டைக்குச் சின்ன மூச்சு. பெரிய ஓட்டைக்குப் பெரிய மூச்சு. பெரியதற்கு அடுத்து வந்த வார்த்தைகள் எல்லாமே 'ப'வில், 'க'வில், 'த'வில் தொடங்கின — உதட்டையோ நாக்கையோ ஒட்டி எடுக்க வேண்டிய எழுத்துகள்.

ஐயோ. நான் என்ன பண்ணிட்டேன்.

அவர் கோலம் போடலை. மூச்சு விட இடம் போட்டிருக்காரு. அதைப் போய் ஒண்ணுவிடாம தேடித் தேடி அழிச்சேனே. பைல்லயும் இல்லை. கடைலயும் இல்லை. முதல் பக்கம் மட்டும்தான் இருக்கு, மிச்சம் மூணு பக்கம்? நாளன்னைக்குக் கமிட்டி. வேலை போனா யாரால போச்சு?

வாயே திறக்காதவள் ஒருத்தி, வாய் திறக்க முடியாதவரைப் பார்த்துத் திமிர் என்று எழுதியிருக்கிறாள். இந்த நோட்டிலேயே இருக்கிறது, இரண்டு நாளைக்கு முந்தைய கையெழுத்தில். அழகான கையெழுத்து வேறு.

மார்ச் 15, ஞாயிறு

லேப் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். கூட வரவா என்றாள். வேண்டாம் என்றேன். பெரிய வீராங்கனை.

கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், "என்ன வேணும்?" என்றாள். அவரைப் பார்க்கணும் என்று சொல்ல வேண்டும். சொன்னேனா? இல்லை. "டெஸ்ட்டா?" என்றாள். தலையாட்டினேன். டோக்கன் கொடுத்தாள். ரத்தம் கொடுக்கிற வரிசையில் போய் உட்கார்ந்தேன், அதற்குத்தான் பேச வேண்டியதில்லை என்பதால். இதைவிட மட்டமான யோசனை ஒரு மனுஷிக்கு வருமா?

என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிந்தது. ரப்பர் பட்டையை எடுத்து என் கையில் இறுக்கினார். பஞ்சால் துடைத்தார். ஊசி வெளியே வந்துவிட்டது. அப்போதும் என் வாய் திறக்கவில்லை! இப்படியே ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது.

"ரத்தம் வேண்டாம்" என்றேன். "பைல்."

இன்னொரு கையால் அந்த முதல் பக்கத்தை நீட்டினேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். தாளை வாங்கி ஓட்டைகளின் மேல் விரலை ஓட்டினார்.

"நான்தான் மூடிட்டேன். தப்புன்னு நினைச்சு. எல்லாத்தையும். நீங்க வந்து படிங்க. நான் திரும்பப் போட்டுத் தரேன்."

இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை நாளாயிற்று. பட்டை இறுக்கியதில் கை நீலமாகிக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்குமே அது ஞாபகமில்லை.

மத்தியானம் அவர் வேலை முடிந்து கடைக்கு வந்தார். சித்தப்பா ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிவிட்டு, வெளியே ஸ்டூல் போட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தார். "ஞாயித்துக்கிழமைகூட மனுஷனை நிம்மதியா இருக்க விடமாட்டீங்களே" என்று ஷட்டருக்கு அடியில் முணுமுணுத்தார். நேற்று அந்தத் தாளை முகர்ந்தவர் இவர். அதற்கு மன்னிப்பு மட்டும் வரவில்லை, பதிலாக டீ வந்தது.

"ஏன் சார், பேனாவால அங்கங்க கோடு போட்டுக்கிட்டா ஆகாதா?" என்று வெளியிலிருந்தே கேட்டார்.

"கோ… கோடு போட்டா" என்றார் துரை, "அது செ… செவுரு மாதிரி. பா… பார்த்ததும் முட்டிக்கும். வெ… வெறும் இடம்னா உள்ள போயிடலாம்."

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஓர் அம்மாவோடு உட்கார்ந்து பல வாரம் பார்த்துப் பார்த்துப் போட்ட இடங்களாம். அவராகத் திரும்பப் போட முடியாதா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கையைக் கீபோர்டில் வைத்தால் மூச்சு பிசகுகிறது, மூச்சைப் பார்த்தால் கை நிற்கிறது. இன்னொருவர் வேண்டும். ஒரு நிபந்தனை: நான் அவரைப் பார்க்கக் கூடாது. திரையைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் எனக்குப் பயிற்சி தேவையில்லை.

அவர் பின்னால் நின்று படித்தார். நான் மூச்சைக் கேட்டுக் கேட்டு ஸ்பேஸ்பாரை அமுக்கினேன். முதலில் பிந்தினேன், மூச்சு முடிந்த பிறகு இடம் போட்டேன். "மு… முன்னாடி" என்றார். இழுக்கத் தொடங்கும்போதே அமுக்கப் பழகினேன். ஒரு வார்த்தையில் அவர் மாட்டிக்கொண்டார். என் நாக்கு நுனியில் அந்த வார்த்தை துருதுருத்தது, திரையில் கண்ணெதிரேதானே இருக்கிறது. சொல்லவில்லை. இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். முதலிலிருந்து படித்தார். இந்தத் தடவை நிற்காமல் போனார்.

ஊசியைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கச் சொல்லும் இடத்தில் நான்கு ஸ்பேஸ். இப்போது எனக்கு அது கிண்டலாக இல்லை.

முடித்ததும் பி.டி.எஃப். ஆக்கினேன். இனி எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்துருவும் மாறாது, ஓர் இடைவெளியும் நகராது. முதலிலேயே இப்படிக் கொண்டுவந்திருக்கலாமே சார் என்று ஒரு வசனம் வந்தது, விழுங்கிவிட்டேன். சட்டத்தை மீறிக் கடையிலும் ஒரு பிரதி வைத்தேன். பேர் கொடுக்கச் சொல்லிக் கேட்டது. யோசிக்காமல் அடித்துவிட்டேன்.

"யா… யாரு துரை?" என்றார் பின்னாலிருந்து.

காது வரைக்கும் சுட்டது. "நீங்கதான்" என்றேன்.

அவர் சிரிக்கும்போது தட்டவே இல்லை.

மார்ச் 16, திங்கள்

காலையில் கமிட்டி. எனக்கு ஏன் கடிகாரத்தையே பார்க்கத் தோன்றுகிறது?

மார்ச் 17, செவ்வாய்

வரவில்லை. போய்க் கேட்கலாம்தான். மறுபடி டோக்கன் வாங்கிக் கையை நீட்டவா?

மார்ச் 20, வெள்ளி

வக்கீல் குமாஸ்தாவின் பைல் மறுபடியும் பொத்தல். இந்தத் தடவை கையை வைக்குமுன், "இந்த இடமெல்லாம் வேணும்னே விட்டதா?" என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எந்த இடம்?" என்றார்.

வேண்டுமென்று விட்டதல்ல. சிலர் வெறும் மடையர்கள்தான். அது மாறவில்லை.

மார்ச் 26, வியாழன்

மருந்துக்கடைக்காரருக்கு ஊர் வம்பு அத்தனையும் தெரியும், முடிவு என்ன என்பது மட்டும் தெரியாதாம். உபயோகமில்லாத மனிதர். கமிட்டிக்காரர்கள் இன்னும் யோசிக்கிறார்களாம். ஒரு மனிதர் அவர்கள் முன்னால் நின்று பேசியிருக்கிறார், அதற்குமேல் என்ன யோசனை?

மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான்.

ஏப்ரல் 1, புதன்

மாதம் முடிந்துவிட்டது. அவர் வரவில்லை. லேப் பக்கம் போய் வந்த அம்மாவும், கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே ரத்தம் எடுப்பது யார் என்று தெரியவில்லை என்கிறாள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதுதானே? யாரைச் சொல்கிறேன், அம்மாவையா?

ஏப்ரல் 8, புதன்

மின்சாரம் போய் வந்ததால் கடையில் வரிசை வாசல்வரை. அதில் அவர் நின்றிருந்தார். நான் பார்த்துவிட்டு, பார்க்காதது போல் முன்னால் இருந்தவரின் பைலைத் திறந்தேன். அட்டவணை பக்கத்துக்கு வெளியே ஓடியது. ஓடட்டும்.

அவர் முறை வந்ததும் மேசைமேல் ஓர் அட்டையை வைத்தார். ஆஸ்பத்திரி அடையாள அட்டை, லாமினேட் செய்ய. புத்தம் புதுசு. அவர் படம், பேர், ஆய்வகம். பேருக்குக் கீழே 'தற்காலிகம்' என்றும் இல்லை, எதுவரை செல்லும் என்று தேதியும் இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

"மூ…" என்றார். நின்றார். "மூ…"

அவருக்குப் பின்னால் பெரிய கைப்பையோடு ஓர் அம்மா. "மூணு காப்பியா சார்? மூணு காப்பி வேணுமாம்மா, சட்டுனு போட்டுக் குடு, எங்களுக்கெல்லாம் வேலை இருக்கு."

"அவர் இன்னும் சொல்லி முடிக்கலை" என்றேன். "நீங்க கொஞ்சம் இருங்க."

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. கைப்பை அம்மா ஓரடி பின்வாங்கினார். ஓடிக்கொண்டிருந்த பிரிண்டர்கூட அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது.

அவர் மூச்சை இழுத்தார். அவசரமே படவில்லை.

"மூணாவது பக்கத்துல ஒரு இடம் தள்ளிப் போட்டுட்டே" என்றார், ஒரே ஓட்டமாக. "சமாளிச்சுட்டேன்."

வந்ததும் வராததுமாகக் குறை. நல்ல மனிதர்.

அட்டையை உறைக்குள் வைத்து இயந்திரத்தில் நுழைத்தேன். பின்னறையில் பைண்டிங் செய்துகொண்டிருந்த சித்தப்பா, கையில் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தார்.

"யாரு பாப்பா இப்போ சத்தமாப் பேசினது?"

"நான்தான்" என்றேன்.

அவர் நம்பாமல் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.